முகம் மறைக்க 43,000!

"பொண்ணு எங்கேடி? இது யாரு வந்து நிக்கறது?"

மணமேடைக்கு அருகே நாற்காலியில் அமர்த்தப்பட்டிருந்த மூதாட்டி கேட்ட கேள்வி இது. கேட்டவர் வேற்றாள் அல்லர். மணமகளின் தாயைப் பெற்றவர். அந்தப் பெண்ணை இடுப்பிலே சுமந்து, தோளிலே துயில வைத்து, இருபத்தோராண்டுக் காலம் கண்ணெதிரே கண்டு களித்தவர். கண் மங்கிவிட்டதோ எனில், அதுவும் இல்லை. புரை அகற்றிப் புதுக் கண்ணாடியும் போட்டுக் கொண்டவர். நாளேட்டின் பொடி எழுத்தையும் எழுத்துக் கூட்டிப் படிப்பவர். பழுது பாட்டியின் பார்வையில் இல்லை. பேத்தியின் முகத்திலே, மூன்று மணி நேரம் முயன்று, முழுக்க முழுக்கப் பூசப்பட்டிருந்தது!

மண்டபம் சிரித்தது. நாமும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகுதான் சுருக்கென்றது.

கும்பகோணத்திற்குத் தெற்கே ஒரு சிற்றூர். நடந்தது சுயமரியாதைத் திருமணம். புரோகிதர் இல்லை, ஓமப் புகை இல்லை, அம்மி இல்லை, அருந்ததி இல்லை. நாளும் கோளும் நம்மை என் செய்யும் என்ற நெஞ்சுரத்தோடு, சனிக்கிழமை காலை 9 மணிக்குத் தொடங்கும் இராகுகாலத்தையே வேண்டுமென்று தேர்ந்தெடுத்து, 9.15-க்கு மணவிழா என அழைப்பிதழில் அச்சிட்டிருந்தார்கள். எத்துணைத் துணிவு! எத்துணைத் தெளிவு! ஆனால் 9.15-க்கு மேடையில் மணமகன் இருந்தார், மாலைகள் இருந்தன, தலைமை தாங்க வந்த நாம் இருந்தோம். மணமகள் இல்லை. "இன்னும் பத்து நிமிடம்" என்று உள்ளறையிலிருந்து செய்தி வந்தது. ஒரு முறையன்று, ஐந்தாறு முறை வந்தது. இடைப்பட்ட நேரத்தை வீணாக்கலாகாது என்று ஒலிபெருக்கியை நம்மிடம் தந்தார்கள். நாமும் எழுந்து, திருமணத்தில் சிக்கனம் என்னும் பொருள் பற்றி முக்கால் மணி நேரம் முழங்கினோம்! உள்ளே தூரிகை ஓடிக்கொண்டிருந்தது. வெளியே நம் நாக்கு ஓடிக்கொண்டிருந்தது. மணமகள் மேடை ஏறியபோது மணி 10.45. இராகுவுக்கு அஞ்சாத கூட்டம் ஒப்பனைப் பெட்டிக்காகக் கைகட்டிக் காத்திருந்தது. அதற்குள் இராகுகாலமே முடிந்து போயிற்று!

பந்தி முடிந்த பின் பெண்ணின் தந்தையைத் தனியே அழைத்துச் சென்று கேட்டோம். தையற்கடை வைத்திருப்பவர், இயக்கக் கூட்டம் என்றால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முதல் வரிசைக்கு வந்துவிடுபவர். தயங்கித் தயங்கி, அளவு குறிக்கும் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினார். முதல்நாள் மாலை வரவேற்புக்கான ஒப்பனை 14,000. மறுநாள் முகூர்த்த ஒப்பனை 18,000. (முகூர்த்தமே பாராத மணத்திலே முகூர்த்த ஒப்பனை! பெயரைக்கூட மாற்றத் தோன்றவில்லை நமக்கு.) ஒரு வாரம் முன்பு போட்டுப் பார்த்த முன்னோட்டத்திற்கு 2,000. சேலை மடித்துக் கட்டிவிடவும் கூந்தல் அலங்காரத்திற்கும் வந்த உதவியாளர்க்கு 3,000. கார் வாடகை 2,500. வாடகை நகை 3,500. ஆக 43,000.

"ஒரு லைனிங் ரவிக்கைக்கு எங்க ஊர்ல 300 ரூபாய் கூலிங்க, தோழர்" என்றார் அவர். வேறொன்றும் சொல்லவில்லை. நாம்தான் கணக்குப் போட்டுப் பார்த்தோம். 144 ரவிக்கை! வெட்டி, தைத்து, ஊக்கு வைத்து, ஓரம் மடித்து, 144 பெண்களின் தோளுக்கும் முதுகுக்கும் பொருந்தச் செய்து கொடுத்தால், தன் ஒரே மகளின் முகத்தை ஒன்றரை நாள் மறைத்து வைக்கலாம். நூலும் மின்கட்டணமும் கடை வாடகையும் அக்கணக்கில் சேரவில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. 2025-26-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டிலே ஊரக வேலை உறுதித் திட்டத்தின் நாட்கூலி 336 ரூபாய். அக்கூலியில் 43,000 சேர்க்க 128 நாள் வெயிலில் மண் வெட்ட வேண்டும். திட்டம் உறுதி சொன்னதோ ஒரு குடும்பத்திற்கு ஆண்டில் 100 நாள்! சென்னை மாநகரில் இதைவிடப் பன்மடங்கு வாங்குவோர் உண்டு. திரைப்பட முகங்களைத் தீட்டியவர் என்று பெயர் பெற்றுவிட்டால் இலட்சமும் பேசப்படுகிறது. அது செல்வர் வீட்டுச் செய்தி. அவர்கள் குளத்திலே கொட்டட்டும், கூரையிலே கொட்டட்டும். நம்மை உறுத்துவது தையற்காரர் வீட்டு நோட்டு.

"மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்களா?" என்றோம்.

"வாயைத் திறந்து கேட்கலைங்க. 'எங்க வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் இந்த அம்மாதான் வருவாங்க'ன்னு சொன்னாங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதான்! வரதட்சணை கேட்பது குற்றமென்று 1961-இல் சட்டம் வந்தது. பவுன் இத்தனை, ரொக்கம் இத்தனை என்று கேட்டவனைக் கூண்டில் நிறுத்த வழி பிறந்தது. இன்று வரன் வீட்டார் கேட்பதில்லை, தெரிவிக்கிறார்கள். மண்டபத்தின் பெயரைத் தெரிவிக்கிறார்கள், புகைப்படக்காரரின் பெயரைத் தெரிவிக்கிறார்கள், ஒப்பனைக்காரரின் பெயரையும் தெரிவிக்கிறார்கள். பெயரின் பின்னே தொகை ஒளிந்துகொண்டு நிற்கிறது. பணம் மணமகன் கைக்குப் போவதில்லை. ஆகவே அது வரதட்சணை இல்லை. பெண்ணைப் பெற்றவனின் பையிலிருந்து மட்டும் வரதட்சணையைப் போலவே போய்விடுகிறது!

இந்த இடத்தில் நம் பக்கம் வந்து சேர்ந்துகொள்ளச் சிலர் துடிப்பார்கள். "அந்தக் காலத்தில் அத்தையும் அக்காளும் அலங்கரித்தார்கள், காசா கேட்டார்கள்? இவள் யாரோ வந்து காலை நேரத்தில் கொள்ளையடித்துக்கொண்டு போகிறாள்" என்று பெருமூச்செறியும் பெரியவர்கள். ஐயா, வேண்டாம், உங்கள் துணை எமக்கு வேண்டாம்! அத்தையும் அக்காளும் கூலியின்றிச் செய்தார்கள். ஏனெனில் பெண்ணின் உழைப்புக்குக் கூலி என்று ஒன்று உண்டென்பதே உங்கள் காலத்துக்குத் தெரியாது. அதே திருமணத்தில் நாவிதர் குடும்பம் ஊர்ச் சேவகம் என்ற பெயரால் உழைத்து, களத்தில் அளக்கும் நெல்லுக்குக் காத்து நின்றதே, அதுவும் உங்கள் பொற்காலந்தான். காசு கேட்காத காலம், காசு கேட்க விடாத காலம்.

ஒப்பனை செய்ய வந்த அந்தப் பெண்ணோடும் பேசினோம். விடியற்காலை இரண்டு மணிக்கு எழுந்து, கைக்குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். தொழில் கற்கப் பெருந்தொகை கட்டியிருக்கிறார். பெட்டியில் உள்ள பூச்சுகளை வாங்கக் கடன். ஆண்டில் முகூர்த்த மாதங்கள் சில. ஆடியிலும் மார்கழியிலும் அழைப்பார் இல்லை. அவர் கேட்ட கூலி அவருடைய உரிமை. அந்த உரிமைக்காக வழக்காட வேண்டியிருந்தது என்பதையும் தோழர்கள் அறிதல் நலம். மும்பைத் திரையுலகில் ஒப்பனைக் கலைஞர் சங்கம், ஆண்களுக்கே ஒப்பனையாளர் அட்டை, பெண்களுக்குக் கூந்தல் அலங்கார அட்டை மட்டுமே என்று பல்லாண்டுகள் விதி வைத்து நடத்தியது. முகத்தைத் தொடும் தொழில் ஆணுக்கு, மயிரைத் தொடும் தொழில் பெண்ணுக்கு! 2014 நவம்பரில்தான் உச்சநீதிமன்றம் அந்த விதி செல்லாது என்றது. ஆகவே தூரிகை பிடித்த பெண்ணை நோக்கி விரல் நீட்டுவது நம் வேலை அன்று.

அவளிடம் வாங்கப்பட்டது எது? அதுதான் நம் கேள்வி.

அழகு வாங்கப்பட்டது என்பர். பொய்! அந்தப் பெண் அழகி. கருங்காலி மரம் கடைந்தாற்போன்ற கறுப்பு. களை ததும்பும் முகம். சிரித்தால் கன்னத்திலே குழி விழும். அந்தக் குழியும் அன்று பூச்சுக்குள் புதைந்து போயிருந்தது! வாங்கப்பட்டது நிறம். "ரெண்டு ஷேடு ஏத்தி விடுங்க" என்று மணமகனின் பெரியம்மா ஒப்பனை அறைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனாராம். தாடையோரத் தோலில் தடவிப் பார்த்து, தோலோடு கலந்து மறையும் ஃபவுண்டேஷனைத் தேர்வதே தொழிலின் முதற்பாடம். அந்தப் பாடத்தைக் கைவிட்டு, வேறொருத்தியின் தோலுக்குச் செய்யப்பட்ட பூச்சை இவள் தோல்மீது ஏற்ற வேண்டும். ஏற்றினால் என்ன ஆகும்? கறுப்பின்மேல் வெளிறிய பூச்சு சாம்பல் பூத்துக் காட்டும். அதை மறைக்க இன்னொரு பூச்சு. முகம் வெளுத்தால் கழுத்து காட்டிக்கொடுக்கும். ஆகவே கழுத்துக்கும் பூச்சு, காதுக்கும் பூச்சு. கைக்குப் பூசினால் பட்டுப் புடவையில் ஒட்டும். ஆகவே கை தப்பியது. மணமகள் மாலை எடுத்து அணிவித்தபோது படம் எடுத்தார்களே, அந்தப் படத்தைப் பாரீர்! முகம் ஒரு நாட்டினது, கை ஒரு நாட்டினது. உழைத்த குடும்பத்தின் கை. வாடகைக்கு வந்த முகம்!

தமிழனுக்கு இந்த நோய் எப்போது வந்தது?

"பொண்ணு நல்ல நிறம்" என்கிறோம். சிவப்பு என்று சொல்லவில்லை, வெள்ளை என்று சொல்லவில்லை. 'நிறம்' என்றாலே வெளிர் நிறம் என்று பொருள் கொண்டுவிட்டோம். கறுப்பு நிறத்தில் சேராதாம்! கறுத்தவள் நிறமே இல்லாதவளாம்! கொஞ்சம் இரக்கமுள்ள தரகர், "மாநிறந்தான், ஆனால் இலட்சணம்" என்பார். அந்த 'ஆனால்' எத்தனை பவுனுக்குச் சமம் என்பது பெண்ணைப் பெற்றவனுக்குத் தெரியும்.

சங்கப் புலவர்கள் இதைக் கேட்டால் வாய்விட்டுச் சிரித்திருப்பர். அவர்கள் பாடிய தலைவியின் நிறம் மாமை. மாந்தளிரின் நிறம். மாயோள் என்று அவளை அழைத்தார்கள். கருநிறத்தாள் என்பது அதன் பொருள், அழகி என்பது அதன் உயிர். அவள் மேனி வெளிறுவது எப்போது? காதலன் பிரிந்தபோது! ஏக்கம் உடலைத் தின்னும்போது! அந்த வெளிறலுக்குப் பசலை என்று பெயர் வைத்தார்கள். பீர்க்கம்பூவின் நிறம் அதற்கு என்றார்கள். என் மாமையைப் பசலை உண்கிறதே என்று தலைவியை அரற்ற வைத்தார்கள். வள்ளுவர் அதற்கென்றே ஓர் அதிகாரம் வகுத்து, 119-ஆம் அதிகாரமாக வைத்திருக்கிறார். அன்று நோய் எனப்பட்ட வெளுப்பை, இன்று 43,000 கொடுத்து, கார் அனுப்பி, வரவழைத்துப் பூசிக்கொள்கிறோம்! கூடலில் மலர வேண்டிய முகத்திலே பிரிவின் பசலையைப் பூசி மணமேடைக்கு அனுப்புகிறோம்!

பழைய பெருமை பேசிப் பயனில்லை என்பீர்கள். உண்மை. புலவர் பாட்டு ஒருபுறம் இருக்கையிலேயே சாதி தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. வெயிலில் நிற்பவன் கீழ், நிழலில் அமர்பவன் மேல் என்று நிறத்துக்கும் படிக்கட்டு கட்டிற்று. வெள்ளையன் வந்து அப்படிக்கு மேலே இன்னொரு படி வைத்தான். அவன் போன பின் வணிகன் வந்தான். 1975-இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற பசை இந்தியச் சந்தைக்கு வந்தது. சிவந்தால் வேலை கிடைக்கும், சிவந்தால் மாப்பிள்ளை கிடைப்பான் என்று வீட்டுக்கு வீடு விளம்பரம் ஓதியது. உலகெங்கும் நிறவெறிக்கு எதிராகக் குரல் எழுந்த 2020-இல், பெயரிலிருந்த 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'க்ளோ' என்று வைத்தார்கள். பெயர் மாறியது. ஒப்பனை அறைக்குள் வந்து நின்ற பெரியம்மா மாறவில்லை.

"அது பெண்ணின் விருப்பம், ஒரு நாள் ஆசை, அதில் நீங்கள் ஏன் தலையிட வேண்டும்?" என்று நம் இளைஞர்களே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, நழுவ மாட்டோம். பெண்ணின் பூவையும் பொட்டையும் எண்ணிக்கொண்டே இருப்பவர்கள் நம்மிடையேயும் உண்டு. அப்படி எண்ணுகிறவர் தம் மீசைக்கு மட்டும் ஞாயிறுதோறும் தவறாமல் மை ஏற்றுவார். (நம் மீசையும் விலக்கன்று.) இதழுக்குச் சிவப்பு இட விரும்பினால் இடட்டும், இமைக்கு நீலம் தீட்ட விரும்பினால் தீட்டட்டும், தன் ஊதியத்தில் தனக்கென ஒரு நாள் செலவிட விரும்பினால், கணக்குக் கேட்க நாம் யார்?

ஆனால் விருப்பம் யாருடையது என்று கேட்டறிந்தோமா? மறுவீட்டுக்கு வந்தபோது அந்தப் பெண்ணிடமே கேட்டோம். கல்லூரி விழாவில் எடுத்த தன் படமொன்றைச் செல்பேசியில் காட்டினாள். பவுடரும் கண்மையுமாக, தோழியர் நடுவே, குழி விழச் சிரிக்கும் கறுத்த முகம். "முன்னோட்டத்தப்ப இதைத்தாங்க காட்டினேன். இப்படியே போதும்னேன். அக்காவும் சரின்னாங்க. அன்னிக்குக் காலையில மாத்திட்டாங்க." சற்று நேரம் கழித்து, "ஆல்பத்தை இன்னும் பிரிச்சே பார்க்கலை" என்றாள்.

அரசுப் பள்ளியில் படித்த பெண் அவள். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் 1989-இல் தொடங்கப்பட்ட திருமண உதவித் திட்டம் 2022-இல் கல்வி உதவியாக மாற்றப்பட்டு, புதுமைப் பெண் என்ற பெயரில் கல்லூரிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரத் தொடங்கியதே, அந்தப் பணத்தில் படித்துப் பட்டம் பெற்றவள். பொட்டுக் கட்டும் கொடுமையை எதிர்த்துப் போராடியவர் அந்த அம்மையார். பெண்ணை ஒப்பனை செய்து ஊருக்குக் காட்சியாக்குவது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். திருமணத்துக்கு உதவி என்பதிலிருந்து படிப்புக்குப் பணம் என்பதற்கு நாடு வந்துசேர 33 ஆண்டுகள் ஆயின. மூன்றாண்டுப் பட்டப் படிப்புக்கு அவள் பெற்றது மொத்தம் 36,000. அதைவிட 7,000 கூடுதலாகக் கொடுத்து, படித்தவளின் முகத்தை ஒன்றரை நாளில் அழித்தோம்!

சட்டம் நம்மிடம் என்ன கேட்கிறது? 1928-இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் நடந்த முதல் சுயமரியாதைத் திருமணத்திலிருந்து, 1967-இல் அண்ணா ஆட்சியில் சட்டமன்றம் திருத்தம் நிறைவேற்றியது வரை, சுற்றத்தார் ஏசினர், ஊர் விலக்கியது, 1953-இல் சென்னை உயர்நீதிமன்றம் செல்லாது என்றது. அத்தனையையும் தாங்கிப் பெற்ற சட்டம் கேட்பது, உற்றார் நண்பர் முன்னிலையில் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொல்வது. மாலையோ, மோதிரமோ, தாலியோ ஏதேனும் ஒன்று. ஊர் கூட வேண்டிய தேவையும் இல்லையென 2023-இல் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது. ஒரு மாலையின் விலைக்கு இறக்கி வைக்கப்பட்ட திருமணத்தை, புரோகிதர் எழுந்துபோன மணையிலே கண்ணாடியையும் விளக்கு வளையத்தையும் கொண்டுவந்து வைத்து, மீண்டும் கடனுக்கு ஏற்றியவர் யார்? வைதீகர் அல்லர். நாம்! மேடையில் முக்கால் மணி நேரம் சிக்கனம் பேசிய நாம்!

மணமகனையும் ஒரு சொல் கேட்டாக வேண்டும். நல்ல பிள்ளை, படிப்பகத்துக்கு நூல் வாங்கித் தந்தவர். அன்று காலை அவர் முகத்துக்கு ஆன செலவு சவரக்கடையில் 200 ரூபாய். அவரும் கறுப்புத்தான், அவரை யாரும் இரண்டு ஷேடு ஏற்றவில்லை. "பெரியம்மா அறைக்குள் போனது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டோம். தெரியும் என்றார். ஏன் தடுக்கவில்லை என்றதற்கு, "பொம்பளைங்க விஷயம்னு விட்டுட்டேன், தோழர்" என்றார். அந்த 43,000-இல் பாதியைக்கூட அவர் தரவில்லை. தர வேண்டும் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை. தோன்றும்படி நாம் அவருக்கு எதையும் சொல்லித் தந்திருக்கவும் இல்லை.

இளைஞர்களே! இந்த ஐப்பசியிலும் தையிலும் உங்கள் வீடுகளில் மணங்கள் நடக்கும். சில உங்கள் மணமாகவே இருக்கும். ஒப்பனை வேண்டுமெனில் அதன் செலவு இரு வீட்டிலும் பாதி என்று நிச்சயத்தன்றே பேசுங்கள். அறைக்குள் நுழைந்து நிறம் ஏற்றச் சொல்லும் பெரியம்மாவை வாயிலிலேயே நிறுத்துங்கள். அவர் உங்கள் பெரியம்மாவாக இருந்தால் இன்னும் உரக்கச் சொல்லி நிறுத்துங்கள். தலைமை தாங்க எம்மை அழைத்தால், மணமகள் குறித்த நேரத்துக்கு வரவில்லையெனில் சிக்கனம் பற்றிப் பேசமாட்டோம். அறைக் கதவைத் தட்டிக் காரணம் கேட்போம்.

அன்று புறப்படுமுன் அந்த ஒப்பனைப் பெண் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தார். "கறுப்பைக் கறுப்பாகவே ஒப்பனை செய்யச் சொன்னால் கூலி குறையுமா?" என்று கேட்டோம். "அதே கூலிதாங்க ஐயா. உழைப்பு ஒண்ணுதானே" என்றார். பிறகு பெட்டியின் அடித்தட்டிலிருந்து ஒரு புட்டியை எடுத்துக் காட்டினார். நல்ல அடர்ந்த நிறம். அந்த மணமகளின் கன்னத்தோடு வைத்தால் வேறுபாடு தெரியாது. தொழில் கற்ற ஆண்டில் வாங்கியதாம். மூடியில் சுற்றிய தாள் இன்னும் கிழிக்கப்படவில்லை. வரும் மாசியோடு அதன் காலக்கெடு முடிகிறது.